தானாகப் பதியும் கட்டில்

அப்பாவுக்குத் தொய்வு. மட்டமாகப் படுத்தால் மூச்செடுக்க ஏலாது. துறைமுகத்துக் காற்று வரட்டும் என்று கட்டிலை யன்னலோரம் போட்டு, தலைமாட்டை உயர்த்த ஒரு மோட்டரும் பூட்டினேன். பழைய வான் வண்டியில் கழற்றிய வைப்பர் மோட்டர், பற்றரியில் ஓடுவது. இணைப்பை மாற்றிக் கொடுத்தால் மறுபக்கம் சுற்றும். சுவிட்சை அமத்தினால் மோட்டருக்குக் கரண்ட் விடுவது ரிலே: ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று. இரண்டும் ஒன்றாக வேலை செய்தால் வயர் கருகிவிடும். அதனால் ஒன்று ஓடும்போது மற்றது அசையாதபடி கட்டியிருந்தேன். ரேடியோ திருத்தப் பழகிய தலைக்கனம் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. அப்பாவின் கையடியில் இரண்டு சுவிட்ச், குசினியில் நிற்கும் அம்மாவுக்கும் இரண்டு.

ஒரு கிழமை நன்றாக ஓடியது. பிறகு நான் கந்தோர் வேலை முடிந்து வரும்போதெல்லாம் கட்டில் மட்டமாகக் கிடக்கும். அப்பா இரைத்துக்கொண்டிருப்பார்.

"ஏனப்பா பதிஞ்சு கிடக்கு?"

"எனக்கெங்கை தெரியும் பிள்ளை? உன்ர ரிலேயைத்தான் கேக்க வேணும்."

அம்மாவைக் கேட்டால், "உந்த வயர்க் கதை எனக்கு விளங்காது" என்பார்.

உப்புக்காற்றில் ரிலே ஒட்டிக்கொள்கிறதோ? எலி கடித்ததோ? ரிலேயை மாற்றினேன், வயரை மாற்றினேன். ஒன்றும் சரிவரவில்லை.

ஒரு லீவு நாள், கட்டிலடியிலேயே கதிரை போட்டுக் காவலிருந்தேன். சண்டைக் காலம், கடலடியால் எவரும் நீந்தி வந்துவிடாதபடி நேவிக்காரர் தண்ணீருக்குள் குண்டு போடுவது வழமை. டொம்மென்றது. யன்னல் அதிர்ந்தது. கட்டில் இறங்கத் தொடங்கியது.

"கண்டுபிடிச்சிட்டன்!" என்று துள்ளினேன். அதிர்வில் ரிலே தானாக வேலை செய்கிறது! கட்டிலைத் திரும்ப ஏற்றிவிட்டு, ரிலேப் பெட்டிக்கடியில் பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டி வைத்தேன். அடுத்த குண்டுக்கும் கட்டில் இறங்கியது. எனக்குத் தலை சுற்றியது. படித்ததெல்லாம் பொய்யோ என்றுகூட நினைத்தேன்.

ஸ்குரூட்ரைவர் எடுக்கக் குசினிக்குப் போன நேரம் இன்னுமொரு வெடி. அம்மா அகப்பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்துபோய் இறக்கும் சுவிட்சை அமத்தினார். கை நடுங்கியது.

எனக்குக் கோபம் பொங்கியது. "என்னம்மா செய்யிறீங்கள்? அவருக்கு மூச்சு முட்டுமெல்லோ!"

"நிமிர்ந்திருந்தா யன்னலாலை தலை தெரியும். ஏதும் வந்து பட்டா?"

"அது தண்ணிக்குள்ளை போடுற குண்டம்மா!"

"எனக்கு எல்லாச் சத்தமும் ஒண்டுதான்."

சுவிட்சைக் கழற்றப் போனேன். அறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "விடு பிள்ளை. கழட்டாதை."

அப்படியென்றால் அவருக்கு முன்பே தெரியும். ஓடிப்போய்ப் பார்த்தேன். மட்டமாகக் கிடந்து வாயால் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். கை ஏற்றும் சுவிட்சின் மேல்தான் இருந்தது, ஆனால் அமத்தவில்லை.

"ஏத்துங்கோவன் அப்பா!"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏத்தினா மோட்டர்ச் சத்தம் அவவுக்குக் கேக்கும். முதல்லை அவவின்ர நடுக்கம் ஆறட்டும்."