இது மருந்தே?

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வாழும் ரொம்மனில், தம்பி வீட்டுக் குசினிக்குள் அன்று நான் நுழைந்தபோது, இரசம் வைக்கிற சட்டியில் ஏதோ கறுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. வேர், பட்டை, வற்றிய பழம்போல ஒன்று. "சீனாக்காரரின்ரை கசாயம், மச்சாள். கரு தங்குமாம்" என்றார் தம்பியின் மனைவி; எனக்கும் அவர் மச்சாள்தான். வயிறு தெரியத் தொடங்கியிருந்த காலம். அதற்கு முன் இரண்டு முறை கரு கலைந்து, அழுது ஓய்ந்திருந்தவர். அந்தப் பயத்தை நான் ஒருநாளும் சிறிதாக நினைத்ததில்லை.

ஆனால் பொதி முழுக்கச் சீன எழுத்து. உள்ளே என்னென்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது, பக்கத்து நகரான லில்லெஸ்ட்ரோமிலிருந்து வாங்கிக்கொடுத்த சிநேகிதிக்கும் தெரியாது. யூர்மூரிடம், அதாவது கர்ப்பிணிகளைப் பார்க்கிற மருத்துவிச்சியிடம், சொன்னாரா என்று கேட்டேன்.

"மருந்து ஏதும் எடுக்கிறனீங்களோ எண்டு கேட்டவ. இல்லையெண்டு சொன்னனான். இது மருந்தே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் ஆட்களுக்குக் குளிசையும் ஊசியும்தான் மருந்து. குசினியில் அவித்துக் குடிப்பதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கு. மல்லிக்கோப்பி குடிக்கிறேன் என்று யாராவது டொக்டரிடம் போய்ச் சொல்வார்களா? பெயர் தெரியாத வேரையும் அவர் அந்த வரிசையில் வைத்துவிட்டார்.

நான் விடவில்லை. அடுத்த முறை கூடவே போய், சொல்ல வைத்தேன். யூர்மூர் ஏசவில்லை. சில மூலிகைகள் கருவுக்குக் கெடுதல், என்ன இருக்கிறதென்றே தெரியாததைப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது, இன்றே நிறுத்துங்கள் என்றார். மச்சாள் நன்றாகத் தலையாட்டினார். அடுத்த கிழமை போனால் அதே சட்டி, அதே கொதி. "அவைக்கு எங்கடை வைத்தியம் எங்கை விளங்கப்போகுது?" சீனத்து வேர் எப்போது எங்கடையானதென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. கையில் வாங்கி, நான்தான் எல்லாரையும்விட அதிகம் அழுதேன். அதோடு என் வாயும் அடைபட்டது. கசாயத்தால் தங்கியதா, கசாயத்தையும் மீறித் தங்கியதா, யாருக்குத் தெரியும்? மச்சாளுக்குத் தெரியும். யார் கர்ப்பமானாலும் மகளை முன்னால் நிறுத்தி, "இஞ்சை பாருங்கோ, என்ன குறை?" என்கிறார். ஒரு குறையும் இல்லைத்தான். அதைச் சொன்னால் நானும் அவருக்குச் சாட்சியாகிவிடுகிறேன்.

அண்மையில் ஒரு பிறந்தநாள் விழாவில், முதல் பிள்ளையைச் சுமக்கும் பெண்ணொருத்தி, மச்சாள் தந்த பொதியை அவித்துக் குடிக்கலாமா என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், படித்தவள். "முதல்லை யூர்மூரிட்டைக் கேளுங்கோ பிள்ளை" என்றேன்.

"கேட்டால் நிப்பாட்டச் சொல்லுவினமாம், அன்ரி. அதாலை கேக்க வேண்டாமெண்டு உங்கடை மச்சாள் சொன்னவ."