பென்சில் ஜெனரல்

மேஜர் ஜெனரல் கோவாட் பேனாவைத் தொடமாட்டார் என்பது படைப்பிரிவு முழுக்கத் தெரிந்த கதை. உத்தரவுகளைப் பென்சிலில் எழுதித் தட்டச்சுக்கு அனுப்புவார். வேறு வழியே இல்லாத கையெழுத்துக்கு மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் பேனா இரவல் வாங்குவார். இளம் அதிகாரிகள் முதுகுக்குப் பின்னால் 'பென்சில் ஜெனரல்' என்று கிண்டலடித்தார்கள். அடிக்கட்டுமே, அதனால் அவர் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அந்த மனிதர் பட்டாளத்தில் சேர்ந்தது சமையல்காரராக. தாய் பின் என்ற மாகாணத்து நெல்வயலை விட்டுப் பதினெட்டு வயதில் போனவர். போர்க்களமான குவாங் ட்ரி மலைக்காட்டில் மண்ணுக்குள் அடுப்பு வெட்டி, புகையை நீள நீளமான வாய்க்கால்களில் விட்டுப் புல்லடியில் கரைத்து, நூறு பேருக்குச் சோறு பொங்கினார். மூன்று மாதத்தில் ஒரு இழை புகைகூட எதிரி விமானத்தின் கண்ணில் படவில்லை. அதற்குப் பரிசாக ரெஜிமென்ட்டில் ஒரு மைப்பேனா கொடுத்தார்கள். பிறகு, குழுத் தலைவர் குண்டடிபட்டு விழுந்த நாளில் கரண்டியை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தவர்தான். முப்பது வருஷத்தில் தோளில் நட்சத்திரத்தோடு நின்றார். ஜெனரலான பிறகும் எந்த முகாமுக்குப் போனாலும் முதலில் சமையற்கூடத்துக்குள் நுழைந்து அண்டாவின் மூடியைத் திறந்து பார்ப்பார், அணிவகுப்பெல்லாம் அப்புறம்தான். சிப்பாய்க்கு வேகாத சோறு போட்ட அதிகாரி அன்றைக்குத் தொலைந்தான். இப்படி ஒரு மனிதரை எப்படிப் பிடிக்காமல் போகும், சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற மற்றவர்கள் சதுரங்கம் ஆடினார்கள். இவர் வருஷந்தோறும் மண்வெட்டியோடு அந்தக் காட்டுக்குப் போனார். அங்கே ஓடைக்கரையில், சண்டையில் இறந்த தோழர்கள் பதினொரு பேரைத் தன் கையாலேயே புதைத்திருந்தார். காலியான ஊசிமருந்துக் குப்பிக்குள் பெயரும் ஊரும் எழுதிய சீட்டைப் போட்டு, ரப்பர் மூடியால் அடைத்து, உடம்போடு வைத்துப் புதைப்பது அன்றைய வழக்கம். என்றைக்காவது யாராவது தோண்டினால் ஆள் தெரியவேண்டும் அல்லவா? வெள்ளத்தில் ஓடையே இடம் மாறியிருந்தது. அப்படியும் பதினெட்டு வருஷத்தில் பத்துப் பேரை வீடு சேர்த்துவிட்டார். பத்துச் சீட்டிலும் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது.

பதினோராவது ஆள் குவே. இந்த மார்ச்சில்தான் கிடைத்தான். குப்பிக்குள் ஈரம் புகுந்து சீட்டு முழுக்க நீலமாகியிருந்தது. ஒரு எழுத்துகூட இல்லை. எலும்பு மக்கிப்போயிருந்ததால் மரபணுச் சோதனையும் கைவிரித்துவிட்டது. 'பெயர் தெரியாத தியாகி' என்றுதான் கல்லில் வெட்டமுடியும் என்றார்கள் அலுவலகத்தில். கோவாட் பதறிப்போனார். அந்த நீலம் எப்படி வந்தது என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதை அவர் எழுதிக்கொடுத்து, குடும்பமும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் பெயரை வெட்டலாம் என்றார் அதிகாரி.

குடும்பம் என்று மிச்சமிருப்பது குவேயின் தங்கை நியென் மட்டும். எழுபது தாண்டியவள், வாய்க்காரி. ஐம்பது வருஷமாக இவரைக் கூடப்பிறந்தவராகவே நினைத்து, புத்தாண்டு தவறாமல் இலையில் கட்டி வேகவைத்த அரிசிப் பொதி அனுப்புகிறவள். உண்மையைச் சொன்னால் அந்த உறவு போய்விடலாம். சொல்லாவிட்டால் குவேயின் பெயரே போய்விடும்.

குவேயின் திதியன்று நியென் வீட்டுக்குப் போனார். படையலில் அவித்த கோழியோடு, குவேக்குப் பிடித்த அடிப்பிடித்த சோறும் ஒரு தட்டில் இருந்தது. பாயில் அவருக்கு எப்போதும்போல முதல் இடம் போட்டிருந்தாள். உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

நியென் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பத்துப் பேருக்குப் பென்சில்ல எழுதியிருக்கீங்க. எங்கண்ணனுக்கு மட்டும் ஏன் பேனா?"

"அவன்தான் எனக்கு ரொம்ப வேண்டியவன். மத்தவங்கள விட அழகா எழுதணும்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "புதுப் பேனா பெருமையும் இருந்துச்சு நியென். பொய் சொல்லமாட்டேன்," என்றார்.

"பட்டாளத்தையே கட்டி மேய்ச்சவரு. மை தண்ணியில கரையும்னு தெரியலையா?"

"அப்போ நான் சோறு பொங்குற பையன்தானே."

"இத்தன வருஷம் இத வயித்துல வச்சுக்கிட்டுத்தான் எங்க வீட்டுச் சோத்த முழுங்குனீங்களா?"

அவள் விருட்டென்று எழுந்து அடுக்களைக்குள் போனாள். வந்திருந்த உறவுக்காரர்கள் சாப்பிடவா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தார்கள். குவேயின் படத்துக்கு முன் ஊதுபத்தி ஒன்று முழுக்க எரிந்து முடிந்தது. திரும்பி வந்தவளுக்கு மூக்கெல்லாம் சிவந்திருந்தது. அதிகாரி கொடுத்த தாளைக் கோவாட்டின் கையிலிருந்து பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். படையலில் இருந்த அடிப்பிடித்த சோற்றை எடுத்து அவர் கிண்ணத்தில் வைத்தாள்.

"சாப்பிடுங்க. இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு."

மறுவாரம் ஊர்த் தியாகிகள் மயானத்தில் கல்வெட்டும் தொழிலாளி பெயரை வரைய உட்கார்ந்தபோது நியென் அவரைத் தடுத்தாள். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவிக் கோவாட்டின் கையில் கொடுத்தாள்.

"நீங்களே எழுதுங்கண்ணே. நல்லா அழுத்தி எழுதுங்க."

எண்பதை நெருங்கும் ஜெனரல் கல்லின் முன்னால் முழங்காலிட்டார். குவே என்ற பெயரையும் ஊரையும் எழுதினார். முடித்த பிறகும் எழுந்திருக்காமல் அதே எழுத்துகளின் மேல் மறுபடியும், மறுபடியும் பென்சிலை ஓட்டினார். தொழிலாளி போதும் என்று சொல்ல வாயெடுத்தார். நியென் தொழிலாளியின் கையைப் பிடித்து, இருக்கட்டும் என்றாள்.