பத்து மணிக்குக் குடித்தனக்காரி, பன்னிரண்டு மணிக்கு ஓனரம்மா

என் மச்சினி பஸ் கண்டக்டர். "டிக்கெட்!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், டிக்கெட் வாங்கியவனும் ஒரு தடவை சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பான். அப்படிப்பட்டவள் வாயடைத்துப்போய் என் எதிரில் உட்கார்ந்தது அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில்தான்.

ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரி ஊழியர்களை ஏற்றிப்போகும் பஸ்ஸில் அவளுக்கு டூட்டி. டிப்போவுக்குப் பக்கத்திலேயே கீழ்ப்போர்ஷனில் வாடகைக்கு இருந்தாள். மாடியில் ஓனர், பல் டாக்டர். "கிருமியை வீட்டுக்குக் கொண்டு வந்துருவீங்க, காலி பண்ணிடுங்க" என்று சொன்னதோடு நிற்காமல், வாடகை வழக்குகளைப் பார்க்கும் அதிகாரியிடம் மனுவும் போட்டுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் வாயிலெல்லாம் கையை விடுகிற மனிதருக்கு இவளைப் பார்த்துப் பயமாம்!

அவளுக்குக் கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். ஊரின் அந்தக் கோடியில், கடன் வாங்கிக் கட்டிய சொந்த வீடு ஒன்று உண்டு. அங்கிருந்து விடியற்கால டூட்டிக்கு வந்து சேர முடியாது என்பதால், செல்போன் ரிப்பேர் செய்யும் ஒருவருக்கு அதை வாடகைக்கு விட்டிருந்தாள்.

நான் வக்கீல் குமாஸ்தா. இருபத்தேழு வருஷமாக மனு தட்டச்சு செய்து விரல் ரேகையே தேய்ந்துபோனவன். அரசு உத்தரவு எனக்குத் தலைகீழாகப் பாடம். தொற்று ஓயும்வரை குடியிருப்பவரை யாரும் காலி செய்ய வைக்கக் கூடாது. வீட்டுக்குச் சொந்தக்காரருக்கே தங்க வேறு இடமில்லை என்றால் மட்டும் விலக்கு. நான் என்ன செய்தேன்? டாக்டரின் மனுவுக்கு ஒரு பதில் மனு, செல்போன்காரரைக் காலி செய்யச் சொல்லி ஒரு மனு, இரண்டையும் ஒரே மூச்சில் அடித்துத் தள்ளினேன். "ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா தேறும்" என்று அவளிடம் மார்தட்டினேன்.

இரண்டும் ஒரே நாளில், ஒரே அதிகாரியிடம், வீடியோவில் வந்தன. எங்கள் வக்கீலுக்கே காய்ச்சல். "நீங்களே பேசிடுங்கம்மா" என்று அவர் படுத்துவிட்டார். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், தண்ணீர் ஜாடி மேல் போனைச் சாய்த்து வைத்தோம். போன் காட்டாத ஓரத்தில் நான்.

பத்து மணிக்கு டாக்டர் திரையில் வந்தார், முகக்கவசத்துக்கு மேல் இன்னொரு முகக்கவசத்தோடு. அவர் புலம்பி முடித்ததும் இவள் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நர்சுங்க இறங்கும்போது என்னைப் பார்த்துக் கும்புடுறாங்க. வீட்டுக்கு வந்தா இவர் கதவைச் சாத்துறார். இந்த நேரத்துல பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நான் நடுத்தெருவுலயா நிக்கிறது?"

அதிகாரி அம்மா நிமிர்ந்து பார்த்தார். "டாக்டர், உங்களுக்கு வேற வீடு இருக்கா?"

"ரெண்டு இருக்கு..."

"அப்புறம் என்ன? மனு தள்ளுபடி. அவங்க இருக்கலாம்."

நான் துள்ளிக் குதித்ததில் நாற்காலி கவிழ்ந்தது. பிள்ளைகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். வக்கீலாகப் பிறக்க வேண்டியவள், தவறிப்போய் பஸ் ஏறிவிட்டாள் என்று பெருமையில் பூரித்துப்போனேன்.

பன்னிரண்டு மணி. அதே அதிகாரி, கையில் நான் அடித்த மனு.

"'மனுதாரருக்குத் தங்க வேறு இடமில்லை'ன்னு எழுதியிருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடிதானேம்மா இருக்கலாம்னு உத்தரவு போட்டேன்?"

ஒன்று தேறினால் மற்றது செத்துவிடும் என்பது இந்தக் குமாஸ்தா மூளைக்கு எட்டவே இல்லை! ஆனாலும், டாக்டர் அப்பீல் போய் ஜெயித்துவிட்டால் இவள் கதி என்ன? சொந்த வீடு கையில் இருந்தால் ஒருத்தனும் அசைக்க முடியாதே. 'வாய்தா கேள்' என்று காகிதத்தில் எழுதி நீட்டினேன்.

அவள் காகிதத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். செல்போன்காரரும் மனைவியும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவரோடு சுவராக, கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள்.

"மேடம், மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன். காலையில நான் சொன்னதைத்தானே இவங்களும் சொல்லப் போறாங்க? தம்பி, பெட்டியெல்லாம் பிரிங்க!"

"வாபஸ் அனுமதிக்கப்பட்டது. வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?"

செல்போன்காரர் மனைவி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். "அக்கா, ஆணி அடிக்கக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்ல இருக்கு. நாலு வருஷமா சுவர்க்கடிகாரம் ஃபிரிட்ஜ் மேலதான் இருக்கு. இனிமே இருக்கலாம்னா... ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?"

அந்த அக்ரிமெண்டை அடித்த புண்ணியவானும் நான்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"பத்து அடிச்சுக்கோம்மா!" என்றாள் மச்சினி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. அதிகாரி அம்மாவும் சிரித்துவிட்டார்.

போனை அணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து போய், அலமாரி மேல் சாய்ந்துகிடந்த தன் கடிகாரத்தை எடுத்துவந்து என் கையில் திணித்தாள்.

"மாமா, மாடிக்குப் போங்க. டாக்டர்கிட்ட ஒரு ஆணிக்கு அனுமதி கேட்டுட்டு வாங்க."