வெள்ளைக்காரன் கல்லுக்குக் கிடா வெட்டு

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி மதில் முடிகிற இடத்தில் ஒரு கல் நிற்கிறது. வெள்ளைக்காரன் கல் என்போம். வருஷா வருஷம் ஆடி மாதம் எங்கள் வகையறா அதற்குக் கிடா வெட்டி, பிராந்தியும் சுருட்டும் வைத்துப் படைக்கும். அந்தக் காலத்தில் தோல் வாங்க வந்து இங்கேயே செத்த அமெரிக்காக்காரனாம். படைக்கிறோமே, அப்படியென்றால் எங்கள் பாட்டன்தான் என்று நானாகவே முடிவு கட்டி, கம்பெனி லைனில் கூட வேலை செய்கிற எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி அதே ஆளைத் தேடி வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய பாட்டனின் பாட்டன் தோல் வாங்க இந்தப் பக்கம் வந்து, திரும்பவே இல்லையாம். "நாம் ரத்த சொந்தம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொண்டார். கூடப்பிறந்தவர் யாருமில்லாத எனக்கு ஒரு அக்கா கிடைத்துவிட்டாள்.

இந்த வருஷம் முதன்முதலாக வெட்டு என் முறைக்கு வந்தது. பிடரியில் ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டு கூடாது. தலை தெறித்து விழுந்தது. முழங்கை வரை சூடான ரத்தம். முகம் வெளிறிப் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்மணியிடம், "நம் பாட்டனுக்காக" என்றேன்.

என் பெரியப்பா மகன் சிரித்தான்.

"பாட்டனா? இன்னாடா சொல்லிக்கினு கீற? நம்ம பெரியவங்களுக்கு வூட்டுக்குள்ள படைப்போம். இவனுக்கு மட்டும் ஏன்டா வெளியவே துன்னுட்டு, ஒரு எலும்புகூட வூட்டுக்கு எடுத்தாறாம வர்றோம்?"

இடது கையால் அவன் சட்டையைப் பிடித்தேன். வாயிலேயே குத்தினான். பல் உதட்டில் இறங்கியது.

"இவன் நம்ம முப்பாட்டனோட தம்பியச் சாட்டையால அடிச்சே கொன்னான்டா. முப்பாட்டன் இதே எடத்துல இவன் பிடரில ஒரே வெட்டு வெட்னான். ஆவி நம்ம புள்ளைங்கள அடிச்சிடக் கூடாதுன்னு படைக்கிறோம். கொன்ன வூட்டுக்காரன்தான்டா படைக்கணும்! நான் மொத வெட்டு வெட்ன அன்னிக்கு எங்கப்பா எங்கிட்ட சொல்லுச்சு. ஒனக்குச் சொல்லச் சித்தப்பா உயிரோட இல்ல."

அந்தப் பெண்மணி ஓடி வந்து கைக்குட்டையால் என் உதட்டைத் துடைத்தார். "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

மழுப்பியிருக்கலாம். அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. சாட்டையைச் சொன்னேன். வெட்டையும் சொன்னேன்.

கைக்குட்டை உதட்டிலேயே நின்றது. அவர் பார்வை என் வலது கைக்கு இறங்கியது. கத்தியை நான் இன்னும் கீழே போடவில்லை. ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தார்.

"அக்கா" என்று தமிழிலேயே கூப்பிட்டேன். அவர் காருக்குள் ஏறி, உள்பக்கம் பூட்டிக்கொண்டார்.