மலைக்குப் போனால் வேறு மாநிலமா?

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் தயாரித்த படிவத்தில் ஒன்பதாவது கேள்வி இது: "வாரத்தில் எத்தனை நாள் வேறு மாநிலத்துக்குச் சென்று வருகிறீர்கள்?" கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்கும் முப்பத்தெட்டுப் பெண்களிடம் படிவத்தைக் கொடுத்திருந்தேன். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். போனதில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் ஒன்பது வருடமாகக் கௌரவ விரிவுரையாளர் நான். பெயரில்தான் கௌரவம். பட்டம் கையில் இருந்தால்தான் நிரந்தர வேலைக்கு நேர்காணலில் உட்கார முடியும். ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு மாதம்தான் பாக்கி. ஐந்தாவது அத்தியாயம் முழுக்க அந்த ஒன்பதாவது கேள்வியை நம்பித்தான் நின்றது.

நான் எடுத்த பாடம் சர்வதேச உறவுகள். அதில் நான் படித்த கோட்பாடு சுலபமானது. அரசுகள் எல்லாம் கேரம் பலகைக் காய்கள். உள்ளே என்ன மரம், யார் செதுக்கினார்கள் என்று பார்க்க வேண்டாம். எது எதை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்தால் போதும். இரு நாடுகளுக்குச் சொல்வதை ஓர் ஆற்று அணைக்காக முறைத்துக்கொள்ளும் இரு மாநிலங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்று மதுரையில் என் நெறியாளர் அனுமதி கொடுத்தார். நானும் பொருத்தினேன். வரலாறு முன்னுரையில் பத்துப் பக்கம், சமூகவியல் பின்னிணைப்பில் ஒரு படிவம். நடுவில் இரண்டு காய்கள் மோதிக்கொண்டிருந்தன.

அந்த ஜீப்பில் போகிறவர்களில் ஒருத்தி, பத்தாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். இப்போது சுருளிப்பட்டியில் இருக்கிறாள். படிவங்களை அள்ளிக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்கே போய், அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, தெனமும் செக்போஸ்ட்டத் தாண்டித்தான போறீக? அப்பறம் எப்படி வேற மாநிலத்துக்குப் போனதில்லன்னு எழுதுவீக?"

அவள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "நாங்க எங்கடி வேற மாநிலத்துக்குப் போனோம்? மலைக்குல்ல போறோம்."

"அந்த மலை எங்கன இருக்கு?"

"மேல இருக்கு."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு அக்கா மட்டும் இரக்கப்பட்டு எனக்கு விளக்கினார். "வேற மாநிலம்னா தூரமாப் போறதுல்ல டீச்சர்? பம்பாய், திருப்பூரு, அது மாதிரி."

திருப்பூர் நம் மாநிலம்தான் என்று திருத்த வாயெடுத்தேன். சட்டென்று வேறொன்று நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். என் தங்கை வீட்டுக்காரர் மிளகு வியாபாரி. எங்கே என்று யாராவது கேட்டால், "மலைக்குப் போயிருக்காக" என்றுதான் நானும் சொல்வேன். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பேசுகிறேன். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் மட்டும்தான் எனக்கு அங்கே எல்லைக்கோடு தெரிகிறது. இந்த ஊரில் பிறந்து இந்த ஊராரிடமே இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதற்கு அன்று உண்மையிலேயே வெட்கப்பட்டேன்.

கோபமெல்லாம் இறங்கிய பிறகு அவளிடம் மெதுவாகக் கேட்டேன். "எப்பவுமே அது மலைதானா? ஒரு நாள்கூட கேரளா இல்லையா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அணைச் சண்ட வந்து ரோட்ட அடைச்சாகல்ல, அப்ப மட்டும் அது கேரளா. வேலையும் இல்ல, மேல இருக்க எங்க அக்காவையும் பாக்க முடியல. பெறகு ரோட்டத் தெறந்தாக. திரும்ப மலையாப் போச்சு."

நான் பையிலிருந்து பேனாவை எடுக்கக்கூட மறந்து நின்றேன். அரசு என்பது எப்போதும் ஒரே மாதிரி பலகையில் கிடக்கும் காய் இல்லை, சில நாட்களில் அது உண்டாகிறது, சில நாட்களில் இல்லாமல் போகிறது, எப்போது என்பதை வரலாற்றிடமும் யாருக்கு என்பதைச் சனங்களிடமும் கேட்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு ஒரு அத்தியாயம் தேவைப்பட்டது. அவளுக்கு நான்கு வாக்கியம் போதுமாயிருந்தது.

பழைய படிவத்தைத் தூக்கிப் போட்டேன். மறுபடி எல்லோரிடமும் பேச வேண்டும் என்றதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவள் அத்தனை பேரையும் தன் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டாள். துணி துவைக்கவும் தலைக்குக் குளிக்கவும் அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு நாள்தான். அதை எனக்குக் கொடுத்தார்கள். ஒருவர் பன்னீர் திராட்சை கொண்டுவந்தார். ரோடு அடைத்த நாட்களைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எழுதினேன். ஏன் எழுதுகிறாய், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவள் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள், பெயர் போடக் கூடாது. எங்கள் ஆய்வு முறைப்படியும் போடக் கூடாதுதான். அவள் பதினேழாம் எண் ஆனாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் ஐந்தாவது அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார். "அரசு சில நாட்களில் மட்டுமே இருக்கிறது என்கிறீர்களே, இது யாருடைய கருத்து?"

"பதிலளித்தவர் பதினேழு, சார்."

"அவர் தகவல் தந்தவர். கோட்பாடு யாருடையது?"

நான் குனிந்து பதினேழாம் எண்ணின் பக்கத்தைத் தேடினேன். நான் குனிந்ததை அவர் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். கோட்பாட்டில் ஆய்வாளரின் சொந்தப் பங்களிப்பு என்று அறிக்கையில் பாராட்டி எழுதினார். பட்டம் கிடைத்தது. நேர்காணலிலும் அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் பேசினேன்.

வேலைக்கான உத்தரவு வந்த அன்று ஜீப் வரும்வரை காத்திருந்து அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நீ சொன்னதுதான் ஆய்வேட்டில் என் பெயரில் இருக்கிறது, யார் எடுத்து எழுதினாலும் என் பெயரைத்தான் போடுவார்கள், எனக்கு மனசே சரியில்லை என்றேன்.

அவள் தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். "ஏம் பேரு இருந்துச்சுன்னா நாளைக்கு ரோட்ட அடைச்சவங்களப் பத்திப் பேசுனவன்னு தோட்டத்துல என்னைய வேலைக்குக் கூப்புட மாட்டாக. ஓம் பேர்லயே இருக்கட்டும்டி. ஒனக்கும் வேல வேணும்ல."