தனசேகரன் சாரின் இரண்டாவது பிரியாணி

வடக்கனந்தல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தனசேகரன் விளையாட்டு வாத்தியார். விசில் ஊதுவதெல்லாம் சம்பளத்துக்கு. அவருடைய அசல் உழைப்பு பிளஸ் டூ பிரிவு உபசாரத்தன்று வயிற்றில் நடக்கும்.

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பொதுவாக டீயும் மிக்சரும். அப்புறம் ஊர்த்தெருப் பிள்ளைகளுக்குக் கல்யாண மண்டபத்தில் பிரியாணி. காலனிப் பிள்ளைகளை அங்கே யாரும் கூப்பிடுவதில்லை. அதனால் அவர்களுக்குச் சமுதாயக் கூடத்தில் தனிப் பிரியாணி. மண்டபத்து விருந்தை நடத்தும் ராஜாங்கம் படித்த காலத்திலும் இப்படித்தான், அவர் மகள் இலக்கியா படிக்கும்போதும் இப்படித்தான். கேட்டால், சாதியெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள், இது சும்மா பழக்கம் என்பார்.

சார் இரண்டு இடத்திலும் சாப்பிட்டாக வேண்டும். மண்டபத்தில் குறைத்தால் ராஜாங்கத்தின் முகம் சுருங்கும். கூடத்தில் குறைத்தால், பரிமாறும் சிவசங்கர் சும்மா விடமாட்டார்.

"இன்னா சார், அங்க ரொப்பிக்கினு வந்துட்டீங்களா? எங்க சோறு எறங்காதா?"

போன வருஷம் சர்க்கரை ஏறி, ஒரு வேளைக்கு ஒரு சாப்பாடுதான் என்று டாக்டர் கண்டித்துவிட்டார். சார் துணிந்து ராஜாங்கத்திடம் போனார். இரண்டு இடத்துக்கும் சமைப்பது குஞ்சம்மாள், ஒரே அண்டா, பாதி இங்கே இறங்குகிறது, பாதி அங்கே. பந்தியையும் ஒன்றாகப் போட்டால் என்ன என்றார்.

ராஜாங்கம் ஆடிப்போய்விட்டார். "ஒரே அண்டாவா?"

இந்த வருஷம் மண்டபத்துக்குத் திருக்கோவிலூரிலிருந்து தனிச் சமையல்காரர் வந்தார். அரிசி பல்லோடு சண்டைக்கு வந்தது. சார் மரியாதைக்கு ஒரு வாய் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், இலைகளுக்கு முன்னால் பிள்ளைகளைக் காணோம். பஸ் ஸ்டாண்டு வரை போயிருப்பார்கள் என்றார் ராஜாங்கம்.

சார் போய்ப் பார்த்தால், அந்தப் பஸ் ஸ்டாண்டு சமுதாயக் கூடத்தில் இருந்தது. காலனியிலிருந்து வரும் வகுப்புத் தோழி தனுஷாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இலக்கியா, மெல்லுவதை நிறுத்தாமலே, அப்பாவிடம் சொல்லிவிட வேண்டாம் என்றாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாக சார் அந்தப் பந்தியில் பசியோடு உட்கார்ந்தார்.

பாதிச் சாப்பாட்டில் போன். ராஜாங்கம்தான், குரலை இறக்கிப் பேசினார். "சார், வரும்போது குஞ்சம்மா பிரியாணி ஒரு பார்சல் கட்டிக்கினு வந்துடுங்க. யாருக்கும் தெரிய வேணாம்."

சார் விஷயத்தைச் சிவசங்கரிடம் சொன்னார். அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"பார்சல்லாம் கட்டறதில்ல சார். எல போட்டிருக்குது, வந்து குந்தச் சொல்லுங்க."

சார் அப்படியே போனில் சொன்னார். குரலை இன்னும் இறக்கி, லெக் பீஸ் இருக்கிறதா என்று கேட்டார் ராஜாங்கம்.

சார் திரும்பிப் பார்த்தார். கடைசி லெக் பீஸ் இலக்கியாவின் இலையில் இருந்தது.