கோழி அடைகாத்த மோட்டார்

மலாயாவில் ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த முப்பதுகளின் தொடக்கம். ஜொகூரில் தங்காக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பழைய குட்டி லோரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்சக்கர பிரேக் தேய்ந்துபோய், இறக்கத்தில் வண்டி தன் இஷ்டத்துக்கு ஓட ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் லோரியும் வேண்டாம், டிரைவரும் வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டார். என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். வேலை போனால் அவளை எப்படிக் கப்பலேற்றுவது?

புது பிரேக் கட்டை மூவாரிலும் கிடைக்கவில்லை, ஜொகூர் பாருவிலும் கிடைக்கவில்லை. அந்த மாடலுக்குச் சாமான் வருவதே நின்றுவிட்டதாம். தங்காக்கில் ஒரு துணிக்கடை வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார மரைக்காயர் விசாரித்துவிட்டு, “மலையடி கம்பத்துல இதே மாதிரி மோட்டார் வண்டி ஒண்ணு கெடக்கு தம்பி. போய்க் கேட்டுப் பாருங்க” என்றார்.

மறுநாள் காலை அந்த மலாய் கிராமத்துக்குப் போனேன். லேடாங் மலையிலிருந்து இறங்கிய பனி, டுரியான் மரங்களுக்கிடையே அசையாமல் நின்றது. ஒரு வீட்டுக் கொல்லையில், உள்ளே கொடி படர்ந்து, பாதி செடியாகவே ஆகிவிட்ட மோட்டார். முன்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். காலமான கணவர் ஓட்டிய வண்டியாம். வேண்டியதை எடுத்துக்கொள், கோழி மட்டும் எழும்பக் கூடாது என்றார். ஜாக்கி வைத்தால் வண்டி சாயும், முட்டை உருளும். கோழியை வேறு இடத்தில் வைக்கலாமே என்று கேட்டேன்.

“இப்ப எழுப்பினா திரும்ப உக்காராது. அதுக்கு வீடு இதுதான், எங்க போகும்?” என்றார் மலாயில்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் அதே கேள்வியோடுதானே அலைந்துகொண்டிருந்தேன்.

தோட்டத்துச் சேற்றில் ஜாக்கி புதைந்துவிடும் என்பதால், சக்கரம் கழற்ற நாங்கள் பள்ளம் தோண்டுவது வழக்கம். அது நினைவுக்கு வந்தது. அம்மாவே மண்வெட்டி எடுத்துக் கொடுத்தார். அச்சுக்குக் கட்டை முட்டுக்கொடுத்து, சக்கரத்தின் அடிமண்ணைப் பிடி பிடியாக வாரினேன். துருவேறிய நட்டுகளுக்குத் தேங்காயெண்ணெய் விட்டார். இலையிலிருந்து பனி சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கோழி ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தபடி இருந்தது. கனவுக்குள் வேலை செய்வது போலிருந்தது, வெயில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

வண்டி இம்மியும் அசையாமல் சக்கரங்கள் கழன்றன. உள்ளே பிரேக் கட்டைகள் தேயாமல் அப்படியே இருந்தன. எடுத்துக்கொண்டு, சக்கரங்களை மாட்டி, பள்ளத்தை மூடினேன்.

கட்டைகளை லோரியில் பொருத்தியதும், வெள்ளிக்கிழமை துரையே என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, இறக்கத்தில் விடச் சொன்னார். மிதித்தேன், நின்றது. என் மகள் தோட்டத்து லயத்து வீட்டிலேயே பிறந்தாள்.

யாரையும் எழுப்பிவிடாமலே எனக்கும் உட்கார ஓர் இடம் கிடைக்கும் என்று நான் நம்பத் தொடங்கியது பள்ளம் தோண்டிய அந்தக் காலையில்தான்.